மார்கய்யாவின் நாணயம்

அங்கதம் நம் இலக்கணத்துக்குப் புதிய பொருளன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அதனை இரு கூறாக்கினார். வெளிப்பட வைவது செம்பொருள் அங்கதம். வசையை மறைத்து மொழிவது பழிகரப்பு அங்கதம். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் போர்க்களம் காணாது பளபளப்பதைப் புகழ்வார் போன்று இகழ்ந்த புறநானூற்றுப் பாட்டினை இவ்விரண்டாம் வகைக்கு உதாரணமாகக் காட்டுதல் ஆசிரியர் வழக்கம். பாட்டில் இவ்வளவு நுட்பமாகப் பழகிய இக்கலை, நம்மவர் நாவல் எழுதத் தொடங்கிய பின்னர் பெரும்பாலும் முதல் வகையிலேயே நின்றுவிட்டது. வைய வேண்டியவரை நேராக வைதுவிடுதல் எளிது. வாசகனும் உடனே மகிழ்வான். பழிகரப்புக்குப் பொறுமை வேண்டும்.

அப்பொறுமை வாய்த்த தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார். 1906ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்து, மைசூரில் நெடுங்காலம் வாழ்ந்து, 2001இல் மறைந்த ஆர். கே. நாராயணே அவர். அவர் 1952இல் வெளியிட்ட ‘தி பைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’ என்னும் நாவலை ‘பணவிவகார நிபுணன்’ என்று நாம் வழங்கலாம். பொருள் திரட்டிய ஒருவன் எவ்வாறு உயர்ந்தான், பின்னர் எவ்வாறு வீழ்ந்தான் என்பதே அதன் கதை. இந்நூல் நகைச்சுவை நூல் என்ற பெயரோடு நம் கல்லூரி நூலகங்களில் உறங்குகின்றது. அப்பெயரே அதற்குத் தீங்கு செய்தது என்பது என் எண்ணம்.

கதையை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவேன். மால்குடி என்னும் கற்பனை ஊரில், கூட்டுறவு நில அடைமான வங்கியின் எதிரே ஓர் ஆலமரம். அதன் நிழலில் பழைய தகரப் பெட்டியொன்றை முன்வைத்துக்கொண்டு மார்கய்யா அமர்ந்திருக்கிறான். பெட்டிக்குள் மைக்கூடு, பேனா, கணக்குப் புத்தகம், வங்கியின் விண்ணப்பப் படிவங்கள். கிராமத்தார் வங்கிப் படி ஏறுமுன் இவனிடம் வருவர். எவனுக்கு எவ்வளவு கடன் பெறலாம், பழைய கடனை அடைக்கப் புதிய கடனை எவன் பெயரில் எடுக்கலாம், எடுத்ததை எவனுக்கு வட்டிக்கு விடலாம் என்றெல்லாம் வழி கூறுவான். அவனுடைய இயற்பெயர் கிருஷ்ணன். மார்க்கம் காட்டுபவன் ஆகலின் ஊரார் இட்ட பெயர் மார்கய்யா.

இந்த ஆலமரத்துக் காட்சியிலேயே நாராயணின் அங்கதம் முழுவதும் அடங்கியுள்ளது. வங்கிச் செயலாளருக்கு மரத்தடியில் இருப்பவன் புல்லுருவி. சேவகன் அருள் தாஸை ஏவிப் படிவங்களைப் பறிமுதல் செய்கிறார். ஆயினும், சிக்கனத்தையும் ஒத்துழைப்பையும் வளர்க்க வந்த அவ்வங்கி கடன்பட்டவனைக் கடனிலிருந்து மீட்கிறதா? அதனை நாராயண் வினாவுவதில்லை. உள்ளே இருப்பவர் செய்வதையும் வெளியே இருப்பவன் செய்வதையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இரண்டுக்கும் இடையே ஒரு வாயிற்படியும் ஒரு சேவகனுமே உள்ளனர் என்பதை நாமே காண வேண்டும்.

மார்கய்யா இழிவுபட்ட அன்றிலிருந்து பணப்பித்துக் கொள்கிறான். அக்காலத்திலேயே அவனுடைய செல்லப் பிள்ளை பாலு, கணக்குப் புத்தகத்தைத் தூக்கித் தெருச் சாக்கடையில் எறிந்துவிடுகிறான். புத்தகம் போயிற்று, அதனோடு யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதும் போயிற்று. பிழைப்பு இழந்த மார்கய்யா கோயில் அர்ச்சகரிடம் செல்கிறான். திருமகளை நாற்பது நாள் பூசிக்குமாறு அவர் விதிக்கிறார். பூசைக்குச் செந்தாமரை வேண்டும். அது தேடி ஊர்ப்புறத்துக் குளத்துக்குச் சென்ற இடத்தில் டாக்டர் பால் என்னும் விசித்திரமான அறிஞன் எதிர்ப்படுகிறான். பத்திரிகைக்கு எழுதுபவன், மனித இயல்பை ஆராய்பவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன், கையில் இல்லற இன்பம் பற்றிய கையெழுத்துப் பிரதியொன்று. பூசை முடிந்தபின் அப்பிரதியை மார்கய்யாவிடமிருந்த சொற்பப் பணத்துக்கு விற்றுவிடுகிறான். அச்சகத்தார் மதன் லால் அதன் தலைப்பை நாகரிகமாக்கி அச்சிட, புத்தகம் எங்கும் விற்கிறது. மார்கய்யா செல்வனாகிறான்.

இவ்விடத்தில் ஒன்று கூற விரும்புகிறேன். இந்நாவலைத் திருமகளுக்கும் கலைமகளுக்கும் இடையிலான பிணக்கு என்று வாசிப்பது எளிது. அர்ச்சகரே அவ்வாறு பேசுகிறார். மார்கய்யாவுக்குப் பணம் வருகிறது, மகனுக்குப் படிப்பு வராது போகிறது. மெட்ரிகுலேஷன் தேர்வில் தோற்ற பாலு, தன் சான்றேட்டைக் கிழித்து, முன்னர் கணக்குப் புத்தகம் மறைந்த அதே சாக்கடையில் எறிகிறான். அர்ச்சகர் கூறியது பலித்தது என்று வாசகன் எண்ணுவான். எனக்கு அவ்வாசிப்புப் போதவில்லை. சாக்கடையில் மறைந்தவை இரண்டையும் ஒருசேர நோக்குக. ஒன்று, கடன்பட்டோர் தருவர் என்பதற்கான ஏடு. மற்றையது, கல்வி உண்டு என்பதற்கான ஏடு. இரண்டும் பொருள் அல்ல. பொருளுக்காகப் பிறர் நம்பும் தாள்கள். நாராயண் கூறவந்தது இத்தாள்களின் கதை என்றே கருதுகிறேன்.

நம் மொழியில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையிலிருக்கும் காசும் நாணயம். வாக்குத் தவறாமையும் நாணயம். ஆங்கிலத்தில் எழுதிய நாராயணுக்கு இச்சிலேடை கிட்டவில்லை. ஆயினும் வீட்டில் தமிழ் பேசிய அவருடைய செவியில் அச்சொல் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. ஏனெனில், நாவலின் பிற்பாதி முழுவதும் அச்சொல்லின் முதற்பொருளை இரண்டாம் பொருள் விழுங்கும் கதையேயாம்.

புத்தக வியாபாரம் கௌரவக் குறைவு என்று மார்கய்யா தன் பங்கை மதன் லாலுக்கே விற்றுவிட்டு வட்டிக் கடை வைக்கிறான். இரண்டாம் உலகப் போர்க்காலம். கள்ளச்சந்தையில் கொழித்தவர் கணக்கில் வராத பணத்தை எங்கே வைப்பது என்று தவிக்கும் காலம். அவர்களை அழைத்து வருவதற்கு டாக்டர் பால் மீண்டும் வருகிறான். மார்கய்யா நூற்றுக்கு இருபது வட்டி தருவதாகக் கூறி வைப்புப் பணம் ஏற்கிறான். நோட்டுக் கட்டுகள் மூட்டை மூட்டையாக வீட்டை நிறைக்கின்றன. பழைய வைப்புக்கு வட்டி புதிய வைப்பிலிருந்து போகிறது. கணிதம் பயிலும் மாணவர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு இருபது வீதம் கூட்டுவட்டியில் நூறு ரூபாய் நான்காண்டில் இருநூற்றேழு ரூபாய்க்கு மேலாகும். எந்தத் தொழிலிலும் இடாத பணம் இவ்வாறு பெருகவேண்டுமாயின், நான்காண்டுக்கொரு முறை நம்புவோர் தொகையும் இரட்டித்தல் வேண்டும். மால்குடியில் அத்தனை பேர் இல்லை. 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நாற்பத்தைந்து நாளில் நூற்றுக்கு ஐம்பது தருவதாகக் கூறிய சார்ல்ஸ் பொன்சி என்பவர் இதே கணக்கில்தான் வீழ்ந்தார். இம்முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 2008இன் இறுதியில் கொழும்பில் ‘கோல்டன் கீ’ நிறுவனம் வைப்பாளருக்குப் பணம் திருப்பித் தர இயலாது நின்றதை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டார்.

எனினும் மார்கய்யாவை வீழ்த்தியது கணக்கன்று. இதனையே நான் வற்புறுத்த விரும்புகிறேன். கணக்கின்படி அவன் என்றேனும் வீழ்ந்திருப்பான். நாவலில் அவன் வீழ்வது ஒரு செருப்படியால். மகனைத் தீய வழியில் இழுத்தவன் பால் என்று கண்ட இரவில், மார்கய்யா அவனைச் செருப்பால் அடித்துவிடுகிறான். அடிபட்ட பால் நீதிமன்றம் செல்லவில்லை. மார்கய்யாவின் நிலை சரியில்லை என்று ஊரில் காதோடு காதாகச் சொல்லிவிடுகிறான், அவ்வளவே. மறுநாள் வைப்பாளர் வாயிலில் திரள்கின்றனர். இருந்ததெல்லாம் கொடுத்துத் தீர்கிறது. கொடுக்காதது மிகுதியாய் நிற்கிறது. தந்தையும் மகனும் முறிந்து போகின்றனர். செல்வம் வருதல் கூத்துக் காண்போர் சிறுகச் சிறுகக் கூடுவது போன்றது, போதல் கூத்து முடிந்ததும் அவர் ஒருங்கே கலைவது போன்றது என்னும் வள்ளுவர் கருத்தை நிலையாமை அதிகாரத்தில் நாம் உவமையாகப் படிக்கிறோம். இந்நாவலில் அஃது உவமையன்று, நடந்த நிகழ்ச்சி.

பாலைக் கூடாநட்புக்கு உதாரணமாகக் காட்டிக் கட்டுரையை முடித்துவிடலாம். அவ்வாறு செய்வோர் நாவலாசிரியருக்கு அநீதி இழைப்பர். மார்கய்யாவின் முதல் செல்வமும் பாலின் கையெழுத்துப் பிரதி. இரண்டாம் செல்வமும் பாலின் நாவன்மை. பாலுவின் திருமணத்துக்கு ஒரு சோதிடர் ஜாதகம் பொருந்தாது என்றபோது, பொருந்தும் என்று கூறும் சோதிடரைத் தேடித் தந்தவனும் அவனே. வேண்டிய சொல்லை வேண்டிய நேரத்தில் உண்டாக்கித் தருவது பாலின் தொழில். அதனை நல்லதென்று இத்தனை காலம் வாங்கியவன், அதே சரக்கு தனக்கெதிராகத் திரும்பியபோது மட்டும் அதனைத் துரோகம் எனலாமோ? இந்த வினாவையும் நாராயண் கேட்கவில்லை. பழிகரப்பு என்பது இதுதான்.

நாவலின் நடுவே வரும் சென்னைப் பயணத்தைச் சிலர் வேண்டாத கிளைக்கதை என்பர். வீட்டை விட்டோடிய பாலு இறந்துவிட்டான் என்று ஓர் அஞ்சலட்டை வருகிறது. வீடு அலறுகிறது. ஆண்டுக்கணக்கில் பேசாத அண்ணன் வீட்டார் சுவர் கடந்து வந்து துக்கம் கொண்டாடுகின்றனர். மார்கய்யா சென்னை சென்று பார்த்தால் பையன் உயிரோடிருக்கிறான். அட்டையை எழுதியவன் சித்தம் கலங்கிய ஒருவன், எவரெவருக்கோ இவ்வாறு எழுதுவது அவன் பழக்கம். முதன்முறை வாசித்தபோது எனக்கும் இப்பகுதி ஒட்டாததாகவே தோன்றியது. பன்முறை பயின்ற பின்னரே அதன் இடம் விளங்கிற்று. ஆதாரமற்ற ஒரு வரி, எழுதியவன் யாரென்றும் தெரியாது. அதனை நம்பி ஒரு குடும்பம் உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அழுதுவிட்டது. பிற்பாடு ஆதாரமற்ற மற்றொரு சொல் ஊரெங்கும் நம்பப்படும்போது, நமக்கு வியப்பு எழாதவாறு ஆசிரியர் முன்னரே பழக்கிவிட்டார். முதற்பொய்யால் பிரிந்த உறவு ஒரு பொழுது கூடிற்று. இரண்டாம் பொய்யால் கூடிய செல்வம் ஒரு பொழுதில் பிரிந்தது.

இதை வாசிக்கும் கண்டிப் பகுதியார்க்கு வேறு சில நினைவுகளும் எழும். இம்மலைகளிலே 1869இல் முதன்முதல் காணப்பட்ட இலைநோய் கோப்பிச் செடியை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அவ்வங்கி வெளியிட்ட நோட்டுகளே அன்று ஊரெங்கும் புழங்கியவை. ஒரே நாளில் அவை வெறுந்தாள் ஆகும் நிலை. அப்போது ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன், அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். தாள் மீண்டும் பணமாயிற்று. பின்னால் நின்ற சொல் மாறியது; தாள் மாறவில்லை. மார்கய்யாவுக்கு அவ்வாறு சொல் கொடுக்க எவருமில்லை என்பதே அவனுக்கும் பெரிய வங்கிகளுக்கும் உள்ள வேற்றுமை என்று துணிந்து கூறலாம். வைப்பாளர் அனைவரும் ஒரே காலையில் வந்து நின்றால் எந்த வங்கியும் தனித்து நில்லாது.

தாளுக்கு அடிமைப்பட்ட கதை நம் தோட்டங்களுக்கும் உண்டு. தொழிலாளி ஒருவன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவேண்டுமாயின் அவனுடைய கடனைக் குறித்த ‘துண்டு’ அவனோடு செல்லும். புதிய துரை அக்கடனைத் தீர்த்து ஆளை எடுப்பார். 1921இல் சட்டம் அதனை ஒழிக்கும்வரை, பெரிய கங்காணியின் செல்வம் என்பது பெரும்பாலும் இத்துண்டுகளே. கொழும்புச் செட்டியார் தெருவில் எழுதிய உண்டியல் கடல் கடந்தும் செல்லுபடியானதும் அக்காலமே. ஒன்று மனிதரைக் கட்டிய தாள். மற்றையது வணிகரின் நாணயத்தைச் சுமந்த தாள். ஆலமரத்தடியில் படிவம் நிரப்பிய மார்கய்யாவை இவ்விரண்டுக்கும் நடுவில் வைக்கலாம்.

இனிக் குறை கூறுவேன். நாவலின் இறுதியில் வாயிலில் திரளும் வைப்பாளர் கூட்டத்தில் ஒரு முகமேனும் நமக்குத் தெரிவதில்லை. கள்ளச்சந்தைக்காரர் இழந்தால் இழக்கட்டும் என்பது ஆசிரியர் நினைவாயிருக்கலாம். ஆனால் மூட்டைகளில் இருந்தது அவர்கள் பணம் மட்டும்தானா? அலவத்துகொடையிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் வீதியை அடுத்த ஒரு தோட்டத்தில், பல ஆண்டுகளுக்கு முன், சீட்டுப் பிடித்த இளைஞன் ஒருவன் பணத்தோடு மறைந்தான். என் மாணவி ஒருத்தியின் பாட்டி அதில் தன் பால்வெட்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் போட்டிருந்தார். துக்கம் விசாரிப்பவன் போலச் சென்ற என்னிடம் அவர் கூறியது: “காசு போனாப் போகுது வாத்தியாரய்யா. அந்தப் பொடியன் நம்ம லயத்துல வளந்தவன். அவன் ஆத்தா மொகத்துல இனி எப்புடி முழிக்கிறது?” ஏமாற்றியவனின் தாய்க்கு முன் ஏமாந்தவர் வெட்கினார். அவ்வெட்கத்துக்கு நாராயணின் நூலில் இடமில்லை. அவருடைய புன்னகை மார்கய்யாவின் மீதே தங்கிவிடுகிறது. அவன்மீது நமக்கும் இரக்கம் பிறந்துவிடுகிறது. அவனால் கெட்டோர் கணக்கு, முதற் கணக்குப் புத்தகத்தைப் போலவே, எங்கோ சாக்கடையில் போயிற்று. இதனை நகைச்சுவையின் சலுகை என்று விட்டுவிட என்னால் இயலவில்லை.

ஆங்கில நாவலாசிரியர் இவ்விடத்தில் வேறு வழி சென்றனர். டிக்கன்ஸ் 1855 முதல் 1857 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘லிட்டில் டோரிட்’ நாவலில் மெர்டில் என்னும் பெருந்தனவந்தன் வீழும்போது, அவனை நம்பிய சிறியோரும் சிறைசெல்லக் காண்கிறோம். திரொல்லோப் 1875இல் முடித்த ‘தி வே வி லிவ் நௌ’ நாவலில் மெல்மொட் என்பவன் இலண்டன் பிரபுக்களையே தன் விருந்து மேசைக்கு இழுத்து, பின் வீழ்கிறான். இருவரும் தற்கொலை செய்துகொள்கின்றனர். அவ்விரு நூல்களிலும் சினம் மிகுதி. செம்பொருள் அங்கதத்தின் பக்கம் அவை சாயும். மார்கய்யாவோ சாவதில்லை. நாராயணின் சிறப்பு அங்கேதான் உள்ளது. நம் மரபில் பொருளிழந்தவனுக்குச் சாவு முடிவன்று. மூதாதையர் தேடிய குன்றம் போன்ற செல்வம் தொலைத்த கோவலன், மனைவியின் சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரைக்குப் புறப்பட்டான். ஊழ் குறுக்கிட்டது வேறு கதை.

1983இல் டி. எஸ். நாகாபரணா இந்நாவலைக் கன்னடத்தில் ‘பாங்கர் மார்கய்யா’ என்று திரைப்படமாக்கினார். லோகேஷ் மார்கய்யாவாக நடித்தார். நம்மவர் கதை கன்னடத்துக்குச் சென்றுவிட்டது; தமிழ் வகுப்பறைக்கு இன்னும் சரிவர வரவில்லை. உயர்தர வகுப்பு மாணவர்க்கு இதன் இறுதி அதிகாரத்தை மட்டும் தமிழில் சொல்லிக் காட்டுவது என் வழக்கம். அதனை இங்கும் சொல்லி நிறுத்துகிறேன்.

எல்லாம் போன பின்னர் பாலு மனைவி பிருந்தாவோடும் குழந்தையோடும் தந்தையின் பழைய வீட்டுக்கே வந்து சேர்கிறான். மார்கய்யா உடல் தளர்ந்து படுத்திருக்கிறான். பழைய தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போய் உட்காரும்படி மகனிடம் கூறுகிறான். பாலு தயங்குகிறான், ஊரார் என்ன நினைப்பர் என்கிறான். நீ போகாவிட்டால், உடம்பு தேறியதும் நானே போவேன் என்கிறான் தந்தை. பின்பு பேரனைக் கொண்டுவரச் சொல்கிறான், அவனோடு விளையாட. சென்ற ஆண்டு ஒரு மாணவன் எழுந்து, “அந்தப் பிள்ளையின் கையில் இந்த முறை கணக்குப் புத்தகத்தைக் கொடுப்பாரா, சேர்?” என்று வினவினான். வகுப்பு சிரித்தது. நான் விடை கூறவில்லை. பெட்டிக்குள் புதிய கணக்குப் புத்தகம் இருந்ததாக நாவலில் எங்கும் சொல்லப்படவில்லை என்பது மட்டும் அப்போது நினைவுக்கு வந்தது.